அடிஸ் அபாபாவில் பதின்மூன்றாம் மாதம்

செப்டம்பர் 6, சனி

இந்த ஊரில் காலை ஏழு மணிக்கு ஒரு மணி என்று பெயர். அது தெரியாமல் இன்று பட்டினி கிடந்தோம்.

நேற்று மாலை அடிஸ் அபாபாவில் வந்து இறங்கியதுமே விடுதிக்கார அம்மா மெசெரெத், நாளை ஒரு மணிக்குச் சிற்றுண்டி என்று ஆங்கிலத்தில் சொன்னார். மதியச் சாப்பாட்டைத்தான் அப்படிச் சொல்கிறார் போலிருக்கிறது என்று, கையிலிருந்த முறுக்கை வைத்துக் காலையை ஓட்டினோம். ஒரு மணிக்குத் தலை வாரி, பவுடர் போட்டுக் கீழே இறங்கினால் சமையலறை கழுவிக் கிடக்கிறது. என் வீட்டுக்காரர் தன் கைக்கடிகாரத்தைக் காட்டினார். மெசெரெத் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். அதில் மணி ஏழு. பொழுது விடிந்த பிறகு வருவது முதல் மணி, அதனால் அதுதான் ஒன்று என்று விளக்கிவிட்டு, பாவம், உடனே அடுப்பைப் பற்ற வைத்தார். கணக்கு டீச்சரான எனக்கு அந்தக் கணக்கு பிடித்துவிட்டது. நாள் தொடங்கும்போது எண்ணிக்கையும் தொடங்குவதுதானே ஒழுங்கு. இவர் மட்டும் சாப்பிட்டு முடிக்கும்வரை ஒத்துக்கொள்ளவில்லை.

இன்னொரு வேடிக்கை, இங்கே வருடத்துக்குப் பதின்மூன்று மாதம். பன்னிரண்டு மாதங்களுக்கும் சரியாக முப்பது நாள், மிச்சம் விழும் ஐந்து நாளுக்கு ஒரு குட்டி மாதம். அந்தக் குட்டி மாதம் இன்றுதான் பிறந்திருக்கிறது. ஆண்டும் நம்மைவிட எட்டு வருடம் பின்னால், இன்னும் 2017. அந்தக் கணக்குப்படி எனக்கு ஐம்பத்து மூன்று வயதுதான் என்று இவரிடம் சொன்னேன்.

"அப்ப உனக்கு இன்னும் ஏழு வருசம் சர்வீஸ் இருக்குது" என்றார்.

பணி நிறைவு விழாவில் சக டீச்சர்கள் கொடுத்த டைரி இது. ஒரு வருடமாகத் திறக்காமல் கிடந்தது. இனி ஒரு வருடம் வெளிநாட்டில் என்பதால் எழுதிப் பார்க்கிறேன். செவ்வாய்க்கிழமை இங்கிருந்து மலாவிக்கு விமானம். அங்கே லிலோங்வே நகரத்துக்கு வெளியே ஒரு பெண்கள் பள்ளி. சுற்றியுள்ள கிராமங்களில் தண்ணீர்ப் பம்புகளைப் பழுது பார்ப்பது இவர் வேலை, சம்பளம் வாங்காத வேலை. கோயம்புத்தூரில் பம்பு கம்பெனியில் முப்பத்தெட்டு வருடம் ஃபோர்மேனாக இருந்தவர். கம்பெனி பம்புகள் ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறும்போதெல்லாம், பெட்டி போகிறது, நான் போகவில்லையே என்பார். எனக்கு அந்தப் பள்ளியில் கணக்குப் பாடம். தன்னார்வ அமைப்புக்காரர்கள் கம்ப்யூட்டர் வழியாக நேர்காணல் செய்தபோது இவர் ஒன்றரை மணி நேரம் பம்பைப் பற்றிப் பேசினார். என்னிடம் இருபதே நிமிடம். பின்னத்தை எப்படிச் சொல்லிக் கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். நான் சப்பாத்தியைக் கிழித்துக் காட்டினேன், இவர் பக்கத்திலிருந்து ஆங்கிலத்தில் சொன்னார். அவ்வளவுதான். புருஷனைக் கூப்பிடும்போது பெண்டாட்டியை விட்டுவிட்டுக் கூப்பிட முடியுமா? நான் இவரோடு ஒட்டிக்கொண்டு வந்தவள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

இந்த ஊர் எட்டாயிரம் அடி உயரத்தில் இருக்கிறதாம். ஊட்டிக்கு மேல் ஒரு படி. மூன்றாம் மாடிக்கு ஏறுவதற்குள் இவர் இரண்டு முறை நின்று சுவரில் மாட்டியிருக்கும் படங்களை ரசிக்கிறார். இரண்டும் ஒரே படம்தான்.

மதியம் இஞ்செரா. பெரிய வட்டத் தட்டு முழுக்கப் புளித்த தோசை போல ஒன்றை விரித்து, அதன் மேலேயே கடலைமாவுக் குழம்பு, பருப்பு, கீரை எல்லாவற்றையும் குவித்து வைக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே தட்டு. மெசெரெத் ஒரு வாய் சுருட்டி என் வாயில் ஊட்டினார். பிரியமானவர்களுக்கு இப்படி ஊட்டுவது இங்கே வழக்கமாம். பிறகு இவரைப் பார்த்து, உங்கள் முறை என்றார். முப்பத்தாறு வருடத்தில் இவர் எனக்கு ஊட்டியது கல்யாணத்தன்று, அதுவும் போட்டோக்காரர் சொல்லி. இன்று காதெல்லாம் சிவக்க ஊட்டினார். பாதி என் புடவையில். மெசெரெத், இன்னொரு முறை, ஒரு முறை ஊட்டினால் பகை என்றார்.

செப்டம்பர் 8, திங்கள்

விமானத்தைத் தள்ளிப் போட வேண்டியதாகிவிட்டது. மலாவிப் பள்ளியிலிருந்து விசாவுக்கான அழைப்புக் கடிதம் இன்னும் வரவில்லை. கடிதம் வந்தால்தான் ஏற முடியும்.

இவர் காலையிலிருந்து மூன்று முறை கீழே போய் விடுதிக் கம்ப்யூட்டரில் மெயில் பார்த்துவிட்டு வந்தார். எங்கள் இருவருக்கும் ஒரே மெயில் முகவரிதான், அது இவர் பொறுப்பு. மூன்றாம் முறை வந்து கட்டிலில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"உன்ற லெட்டர்தான் இன்னும் வரலை, சாந்தாமணி. என்றது எப்பவோ வந்திருச்சு."

சனிக்கிழமைக்கு டிக்கெட் மாற்றிவிட்டார். எனக்குச் சங்கடமாகப் போயிற்று. வாலாக வந்தவளால் தலையும் மாட்டிக்கொண்டு நிற்கிறதே. நீங்கள் முன்னால் போங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். உடனே செருப்பை மறுபடி போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அவர் போனதும் கண்ணாடி முன்னால் நின்று, குட் மார்னிங் கேர்ள்ஸ், மை நேம் இஸ் சாந்தாமணி என்று பத்துப் பதினைந்து முறை சொன்னேன். இந்த உயரத்துக்குத் தொண்டை காய்கிறது. அதற்காகத்தான்.

செப்டம்பர் 9, செவ்வாய்

இங்கே வாரத்துக்கு இரண்டு நாள்தான் தண்ணீர். தொட்டியில் பிடித்து மோட்டாரில் மேலே ஏற்ற வேண்டும். மோட்டார் ஒரு மாதமாகக் கத்துகிறது, தண்ணீர் ஏறுவதில்லை. மெசெரெத் இதைப் பேச்சுவாக்கில்தான் சொன்னார். இவர் உடனே எழுந்து கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார்.

நான் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் வேலை செய்வதை நான் பார்த்ததே இல்லை. கம்பெனி கேட்டோடு நம் எல்லை முடிந்தது. தண்ணீர் கசியாமல் இருக்க உள்ளே வைக்கும் ரப்பர் வளையம் தேய்ந்து போயிருக்கிறது என்று ஐந்தே நிமிடத்தில் சொல்லிவிட்டார். மாற்றவும் பத்து நிமிடம்தான் ஆகியிருக்கும். ஆனால் இரண்டு மணி நேரம் அங்கேயே இருந்தார். ஒவ்வொரு திருகாணியையும் துடைத்தார், எண்ணெய் போட்டார், மறுபடி துடைத்தார். தண்ணீர் சீறிக்கொண்டு ஏறியதும் மெசெரெத் கை தட்டினார். வழக்கமாக இந்த இடத்தில் இவர் ஒரு சொற்பொழிவு ஆற்ற வேண்டும். ஆற்றவில்லை. ஸ்பானரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மலாவியில் இப்படி எத்தனை பம்பு காத்துக்கொண்டிருக்கிறதோ என்று நான் சொன்னதற்கு, ம் என்றார்.

மெசெரெத் நன்றிக்காகக் காபிக் கொட்டையை எங்கள் கண்ணெதிரே வறுத்து, இடித்து, மண் கூஜாவில் காய்ச்சி மூன்று சுற்றுக் கொடுத்தார். பாலில்லாத காபி. மூன்றாவது சுற்றில்தான் பழகியது.

செப்டம்பர் 10, புதன்

குட்டி மாதத்தின் கடைசி நாள். வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் இவர் குளிக்கப் போனார். மோட்டார் சரியானதிலிருந்து ஆற அமரக் குளிக்கிறார். அப்போது இவர் போன் அடித்தது. தெரியாத எண். ஒரு முறை அடித்து நின்று, மறுபடி அடித்தது. எடுத்தேன்.

பள்ளியின் தலைமை ஆசிரியை, திருமதி தொகோசானி பிரி. நான் யாரென்று சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு பெரிய சிரிப்பு. கடைசியில் உங்கள் குரலைக் கேட்டுவிட்டேன் மேடம் என்றார். பத்தாம் வகுப்புக்கு அடுத்த வகுப்பில் ஒரு வருடமாகக் கணக்கு டீச்சரே இல்லையாம், பிள்ளைகள் தாங்களாகவே புத்தகத்தை வைத்துக்கொண்டு முட்டி மோதுகிறார்களாம். திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது, சனிக்கிழமை விமானத்தில் நிச்சயம் வந்துவிடுவீர்கள் அல்லவா என்று கேட்டார்.

என் கடிதம் இன்னும் வரவில்லையே என்றேன்.

உங்கள் கடிதத்தை ஆகஸ்ட் முதல் வாரமே அனுப்பிவிட்டோமே மேடம் என்றார். உங்கள் கணவருக்குத்தான் துணையாக வருபவர் என்ற முறையில் தனிக் கடிதம் வேண்டும், அவர் அதற்கான தாள்களைப் போன வாரம்தான் அனுப்பினார், அது கையெழுத்தாகி வர அடுத்த வாரம் ஆகும் என்றார். நான் சரி சரி என்றேன். பம்பு வேலை என்ன ஆயிற்று என்று கேட்டேன். அந்த வட்டாரத்துப் பெண்கள் ஐந்து பேரே பயிற்சி எடுத்துக்கொண்டு இப்போது எல்லாப் பம்புகளையும் பார்த்துக்கொள்கிறார்கள், அதை ஜூன் மாதமே உங்கள் கணவருக்கு எழுதிவிட்டோம் என்றார். நல்ல விஷயம் என்று சொன்னேன். உண்மையில் நல்ல விஷயம்தான்.

போனை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். இவர் துண்டோடு வந்து என் முகத்தைப் பார்த்ததும் துண்டோடே எதிரில் உட்கார்ந்துவிட்டார். நான் ஒன்றும் கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னார். ஜூன் மாதம் மெயில் வந்ததும் ஒரு வாரம் தூக்கமில்லையாம். அவர்கள் கேட்டதெல்லாம் கணக்கு டீச்சரைத்தானாம். நேர்காணலிலேயே உன்னைத்தான் பிடித்துப் போயிற்று, என்னிடம் மரியாதைக்காகத்தான் ஒன்றரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்றார்.

"எனக்கு அங்க சோலி இல்லைன்னு தெரிஞ்சா நீ வரமாட்டயின்னு நெனச்சேன், அம்மிணி."

"அது செரிங்க. என்ற லெட்டர்தான் வரலைன்னு எதுக்குச் சொன்னீங்க?"

இவர் துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார். மூன்று நாளாக என்னால்தான், என்னால்தான் என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததைப் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தவர்.

சமையலறைக்குப் போய் மெசெரெத்துக்கு நாளைய விருந்துக்கு வெங்காயம் அரிந்து கொடுத்தேன். இந்த ஊர் வெங்காயம் சின்னது, ஆனால் காரம் அதிகம். கண் திறக்க முடியவில்லை. நிறைய அரிந்தேன்.

செப்டம்பர் 11, வியாழன்

இன்று இவர்களுக்குப் புத்தாண்டு. 2018 பிறந்துவிட்டது.

காலையில் வாசலில் கொட்டுச் சத்தம். வெள்ளை உடுத்திய சிறுமிகள் கூட்டமாக வந்து பாடினார்கள். எல்லோர் கையிலும் மஞ்சள் பூக்கள். மழைக்காலம் முடியும் இந்த ஒரு மாதம்தான் பூக்குமாம். மெசெரெத் வீட்டுத் தரை முழுக்கப் பச்சைப் புல்லைப் பரப்பி வைத்திருந்தார். ஒரு சிறுமி எனக்கும் ஒரு கொத்து கொடுத்தாள். இவருக்குக் கொடுக்கவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் திருப்தி.

நேற்று மதியத்திலிருந்து இவரோடு பேசவில்லை. இவர் பேசாமலிருந்து பழகாதவர். விருந்தின்போது பக்கத்து மேசைக் குடும்பம், மெசெரெத், அவர் வீட்டுப் பூனை என்று எல்லோரிடமும் பேசிப் பார்த்தார். மாலையில் மொட்டை மாடிக்கு வந்தார். நான் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ சனிக்கிழமை போயிரு. நான் லெட்டர் வந்ததும் வர்றேன்" என்றார்.

இந்த யோசனை எனக்கு நேற்றே வந்துவிட்டது. வந்தவுடன் அதைத் தூரப் போட்டேன். நான் தனியாகப் போன அதிகபட்சத் தூரம் ஈரோடு, அதுவும் விடைத்தாள் திருத்த. அன்றும் இவர்தான் பஸ்ஸில் ஏற்றிவிட்டுக் கண்டக்டரிடம் சொல்லிவிட்டு வந்தார். கோபத்தில் இருந்ததால் உண்மை சுலபமாக வெளியே வந்தது. அத்தனை பிள்ளைகள் முன்னால் நின்று ஆங்கிலத்தில் பேச எனக்கு வராது, நீங்கள் பக்கத்தில் இருந்து சொல்வீர்கள் என்ற நம்பிக்கையில்தான் கிளம்பினேன் என்றேன்.

"நேத்து போன்ல எந்தப் பாஷைல பேசுனே?"

நான் திரும்பிப் பார்த்தேன்.

"பாத்ரூம்ல தண்ணிய நிறுத்திப்போட்டு முழுசாக் கேட்டேன். வெளிய வந்து போனைப் புடுங்கிக்கலாம்னு கைப்பிடி வரைக்கும் கை போச்சு. நீ பேசறதைக் கேட்டுட்டு அப்படியே நின்னுட்டேன். ஒரு எடத்துலயும் நீ தடுமாறலை, சாந்தா."

எட்டு நிமிடம் பேசியிருக்கிறேன். போனில் பார்த்தேன். எந்தப் பாஷையில் பேசுகிறோம் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

பொய் சொன்னதற்கு மன்னிப்பாக ஒரு வார்த்தை சொன்னார். அதை இங்கே எழுதப் போவதில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

துணிகளை இரண்டு பெட்டியாகப் பிரித்தோம். கல்யாணமானதிலிருந்து இருவர் துணியும் ஒரே பெட்டியில்தான். என் புடவைகளுக்கு நடுவிலிருந்து இவர் வேட்டியை உருவுவதற்குள் அரை நாள் போயிற்று. ஊறுகாய் எனக்கு. காபித்தூளும் எனக்கு. முறுக்கு தீர்ந்துவிட்டது.

செப்டம்பர் 13, சனி

விமானத்தில் எழுதுகிறேன். ஜன்னல் இருக்கை.

விமான நிலையத்தில் பயணிகள் மட்டும் என்ற பலகை வரைக்கும் இவர் வந்தார். யாரிடம் என்னைச் சொல்லிவிடலாம் என்று சுற்றும் முற்றும் பார்த்தார். கண்டக்டர் யாரும் இல்லை. கடைசியில் என்னிடமே, பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார். யாரைப் பார்த்துக்கொள்ள என்று தெரியவில்லை.

பக்கத்து இருக்கைக்காரர் என்னிடம் முதல் பயணமா என்று கேட்டார். இல்லை, இரண்டாவது விமானம், ஒரு வாரத்தில் பழகிவிட்டது என்றேன். பெல்ட்டை மாட்டத் தெரியாமல் அவர்தான் மாட்டிவிட்டார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

வந்துவிட்டேன். மூன்று அறை வீடு, முன்னால் பப்பாளி மரம். பிரி மேடம் சோளக் களி கொடுத்தனுப்பினார், நம் ஊர்க் களியேதான்.

செப்டம்பர் 15, திங்கள்

அறுபத்தொரு பேர். எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றபோது பெஞ்சுகள் எழுப்பிய சத்தத்தில் கண்ணாடி முன்னால் மனப்பாடம் செய்ததெல்லாம் பறந்துவிட்டது. கரும்பலகைப் பக்கம் திரும்பி ஒரு வட்டம் போட்டேன். கையால் வட்டம் போடுவதில் என்னை மிஞ்ச கோவை மாவட்டத்தில் ஆள் இல்லை. பின்னாலிருந்து ஓ என்று ஒரு சத்தம் வந்தது. அதன் பிறகு வட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொண்டே போனேன்.

பத்து நிமிடம் கழித்து முதல் வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். என் ஆங்கிலம் புரியவில்லை என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள் மேடம், வேகமாகப் போகிறீர்கள் என்றாள். அவள் பெயர் சிசோமோ. அவள் நோட்டில் நான் சொன்னது ஒரு வரி விடாமல் இருந்தது.

மாலையில் பிரி மேடத்தின் உதவியால் எனக்கென்று ஒரு மெயில் முகவரி தொடங்கினேன். கடவுச்சொல்லை இங்கேகூட எழுத மாட்டேன்.

செப்டம்பர் 17, புதன்

இவர் போன் செய்தார். கடிதம் வந்துவிட்டது, நாளை வருகிறார். இந்த நான்கு நாளில் மெசெரெத்திடம் இஞ்செரா ஊற்றக் கற்றுக்கொண்டாராம். வீட்டில் வெந்நீர் வைக்கக்கூட அடுப்புப் பக்கம் வராதவர். முதல் பத்தையும் பூனைகூடச் சாப்பிடவில்லையாம். நான் வகுப்பைப் பற்றிச் சொன்னேன். இடையில் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் கேட்டார். லைன் கட்டாகிவிட்டதோ என்று இரண்டு முறை ஹலோ சொன்னேன்.

நாளை என் மெயிலுக்கு ஒரு கடிதம் எழுதட்டுமா என்று கேட்டார். நாளைதான் நேரில் வருகிறீர்களே என்றேன். ஆமாம், சும்மாதான் கேட்டேன் என்றார்.

செப்டம்பர் 18, வியாழன்

மூன்றாவது பீரியட் முடிந்ததும் பள்ளி வண்டியில் விமான நிலையம் போனேன். ஓட்டுநர் கமாங்கா, ஐம்பது வயதுக்காரர், பாடிக்கொண்டே ஓட்டுவார். வழியில் இந்த ஊர்ப் பாஷையான சேவாவில் எனக்கு இரண்டு வார்த்தைகள் சொல்லிக் கொடுத்தார், முந்தாநாள் சொன்னதை ஒப்பிக்கவும் சொன்னார்.

இவர் கருவிப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். இளைத்திருந்தார். இஞ்செரா சரியாக வந்திருக்காது. கூட்டத்தில் என்னைத் தேடினார், என்னைத் தாண்டியும் ஒரு முறை பார்வை போயிற்று. நான்தான் கை தட்டிக் கூப்பிட்டேன். பக்கத்தில் வந்து நின்று, என்ன பேசுவதென்று தெரியாமல், வெயில் நம்ம ஊர் மாதிரிதான் என்றார்.

கமாங்கா பெட்டிகளை ஏற்றிவிட்டு, சார் பள்ளியில் என்ன பாடம் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவரே பதில் சொன்னார். பாடம் ஒன்றும் இல்லை, நான் டீச்சருடைய கணவர் என்றார். நல்ல ஆங்கிலத்தில், நிமிர்ந்து நின்று சொன்னார். கமாங்கா தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னார்.

பழக்கத்தில் இவர் கை முன் கதவுக்குப் போயிற்று. அங்கே என் குடையும் நோட்டுக் கட்டும் இருப்பதைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"முன்னாடியே உக்காருங்க, பரவால்லைங்க" என்றேன்.

"வழி தெரிஞ்சவ நீதானே. நீ உக்காரு" என்று பின்னால் ஏறிக்கொண்டார்.

அறுவடை முடிந்த சோளக் காடு, சந்தை, தேவாலயம், எல்லாவற்றையும் நான் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒரு கிராமத்தில் இரண்டு பெண்கள் ஒரு கைப்பம்பைப் பிரித்துப் போட்டு வேலை செய்துகொண்டிருந்தார்கள். கமாங்காவை வண்டியை நிறுத்தச் சொன்னேன். இவர் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு அவர்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் பூட்டி முடித்து, தண்ணீர் கொட்டியது. இவர் மெதுவாகத் தலையாட்டினார்.

"நல்லாப் பண்றாங்க" என்றார். கொஞ்ச தூரம் போனதும் கேட்டார். "எனக்கு என்ன சோலி வெச்சிருக்கறே, அம்மிணி?"

"பொழுதோட அறுபத்தொரு நோட்டுத் திருத்தோணுங்க. விடை நான் எழுதித் தர்றேன். நீங்க பாத்து டிக் மட்டும் போட்டாப் போதும்."

"தப்பாப் போட்டுட்டா?"

"பிள்ளைங்க முன்னாடி நிக்க வெச்சுக் கேப்பேன்."

கமாங்காவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் இவர் சிரிப்பதைக் கேட்டு அவரும் சிரித்தார். இப்போது மணி ஆறு. எதிர் நாற்காலியில் இவர் இருபத்தெட்டாவது நோட்டில் இருக்கிறார்.